கழுத்து ஆபரேஷன்: பாதி சொல்லி விட்டுவிட்டீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் ஞாயிற்றுக்கிழமை மருத்துவப் பக்கத்தில் முதுகுவலி, கழுத்துவலி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கத்தி வைக்காமலே எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம், ஆபரேஷன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள் என்பதுதான் அதன் சாரம். எங்கள் கடை வரிசையில் அதை வெட்டி வைத்துக்கொண்டு ஆளாளுக்குப் படித்தார்கள். காலையில் குனிந்தால் ராத்திரி நிமிர்கிற தொழில் எங்களுடையது; கழுத்துவலி இல்லாத தையல்காரரை நான் பார்த்ததில்லை. அதனால் அந்தப் பக்கம் எங்களிடம் எடுபட்டதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அதில் பாதிதான் சரி. மீதிப் பாதியை நம்பினால் சிலருக்குக் கையும் காலும் போய்விடும். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மதுரைக்காரன். புதுமண்டபத்தில் தூணுக்குத் தூண் மெஷின் போட்டு உட்கார்ந்திருந்த தையல்காரர்களில் ஒருவன். மண்டபத்தைக் காலி செய்தபின் குன்னத்தூர் சத்திரத்தில் கடை. சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேஷம் கட்டுகிறவர்களுக்குச் சல்லடம், உருமா, ஜரிகை வைத்த மேல்சட்டை தைப்பது எங்கள் அப்பா காலத்திலிருந்து வருகிற வேலை. எனக்குக் கழுத்தில் ஆபரேஷன் நடந்திருக்கிறது. மகள் நர்சாக இருக்கிறாள். கீழே வருடம், ஆய்வு என்று வருவதெல்லாம் அவள் தேடிப் படித்துச் சொன்னது. பட்டது மட்டும் என்னுடையது.

முதலில் கட்டுரையில் சரியாக இருக்கிற பாதியைச் சொல்லிவிடுகிறேன். இடுப்பில் ஜவ்வு விலகி, பிட்டத்திலிருந்து கால் வரை சுண்டி இழுக்கிற வலி வருகிறது அல்லவா, அதில் பெரும்பாலானவர்களுக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் தானாகவே தணிந்துவிடும். பிதுங்கி வந்த துண்டை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்கிறதாம். நெதர்லாந்தில் இதற்கென்றே ஓர் ஆய்வு செய்து 2007ல் வெளியிட்டார்கள். கடுமையான கால்வலி உள்ள 283 பேரில் ஒரு பாதிக்குச் சீக்கிரமே ஆபரேஷன். மறு பாதிக்கு மாத்திரை, உடற்பயிற்சி, பொறுமை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு தரப்பும் ஒரே நிலையில்தான் இருந்தார்கள். ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு வலி சீக்கிரம் விட்டது, அவ்வளவுதான் வித்தியாசம். காத்திருந்தவர்களில் பத்துக்கு நாலு பேர் தாங்க முடியாமல் கடைசியில் ஆபரேஷனுக்கே வந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆக, அங்கே அவசரம் இல்லை. லீவு போட்டுக் காத்திருக்க முடிகிறவர் காத்திருக்கலாம். மூட்டை தூக்கிப் பிழைக்கிறவர் சீக்கிரம் முடித்துக்கொண்டு வேலைக்குப் போகலாம். அது அவரவர் பாடு.

இதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு, அதைக் கட்டுரை சொல்லவில்லை. இடுப்புவலிக்காரருக்குத் திடீரென்று சிறுநீர் கட்டிக்கொண்டாலோ, உட்காரும் இடமும் தொடை உள்பக்கமும் மரத்துப்போனாலோ, மறுநாள் காலை வரை பார்க்கலாம் என்று இருக்கவே கூடாது. அன்று ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். தாமதித்தால் அந்த உணர்ச்சி திரும்புவது கஷ்டம்.

வேண்டாத ஆபரேஷன் நடக்கிறது என்பதையும் நான் மறுக்கவில்லை. என் கொழுந்தியாளுக்கு வெறும் முதுகுவலி. காலுக்கு இறங்கவில்லை, மரத்துப்போகவில்லை, நடையில் குறை இல்லை. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் படம் பார்த்துவிட்டு இரண்டு எலும்பைச் சேர்த்து ஸ்குரூவும் கம்பியும் வைக்கலாம் என்று தேதியே குறித்துவிட்டார்கள். வேறொரு டாக்டரிடம் படத்தைக் காட்டினோம். ஐம்பது வயதில் யாரைப் படம் எடுத்தாலும் இந்த அளவு தேய்மானம் தெரியும், தினமும் நடக்கச் சொல்லுங்கள், வயிற்றுக்கும் முதுகுக்கும் பயிற்சி செய்யச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார். இப்போது அவள் கோரிப்பாளையத்தில் மாடி ஏறி இறங்கி டியூஷன் எடுக்கிறாள். முதுகெலும்புக்குள் கால் நரம்பு போகும் வழி சுருங்கி, நடந்தால் கால் கனத்துப்போகிறவர்களுக்குக்கூட, அடைப்பை எடுத்துவிட்டால் போதும், கூடவே கம்பி வைப்பதால் பெரிய லாபம் இல்லை என்று 2016ல் சுவீடன் ஆய்வு ஒன்று சொன்னது. எலும்பு ஒன்றன்மேல் ஒன்று நழுவி ஆடிக்கொண்டிருந்தால் கம்பி தேவைப்படலாம். அது வேறு கதை. ஆகவே, எதற்கு ஸ்குரூ என்று கேட்பது நோயாளியின் உரிமை. கேட்டால் கோபப்படுகிற டாக்டரிடம் கழுத்தை நீட்டக் கூடாது.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கட்டுரை இடுப்பையும் கழுத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டது. தண்டுவடம் இடுப்பு வரை வருவதில்லை. முதல் இடுப்பெலும்பை ஒட்டியே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பது நரம்பு இழைகள். அந்த இழைகள் கொஞ்சம் நசுங்கினாலும் தாங்கும், விட்டால் தேறும். கழுத்தில் ஓடுவதோ தண்டுவடமே. அது அங்கே நசுங்கினால் கையோடு நிற்காது. கால், சிறுநீர் என்று கீழே உள்ள அத்தனையும் அடிபடும். இதில் மோசம் என்னவென்றால், பல பேருக்கு வலியே இருக்காது. உங்கள் கட்டுரை முழுக்க வலி, வலி என்றே பேசுகிறது. எனக்கு வந்தது வலி இல்லை.

எனக்குக் கொக்கி தைப்பதில் தொடங்கியது. மேல்சட்டைக்கு வைக்கிற சின்ன இரும்புக் கொக்கியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்தால் இருக்கிறதா விழுந்துவிட்டதா என்று தெரியவில்லை. குனிந்து பார்த்தால் மடியில் கிடக்கும். ஊசியில் நூல் கோக்கவும் வரவில்லை. கண்ணாடி மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன், அப்போதும் வரவில்லை. மெஷினில் உட்கார்ந்தால் தையல் நேராகப் போகும். கத்தரி எடுத்தால் சாக்பீஸால் போட்ட கோட்டை விட்டு விலகும். அப்புறம் செருப்பு. ஹவாய்ச் செருப்பு காலிலிருந்து கழன்று பின்னால் கிடக்கும், நான் பாட்டுக்கு நாலு கடை தள்ளிப் போயிருப்பேன். பூக்கடை அம்மா கூப்பிட்டுக் கொடுப்பார். முகம் கழுவக் கண்ணை மூடினால் உடம்பு ஆடும். கழுத்தைக் குனித்தால் முதுகுத்தண்டு வழியாகக் கரண்ட் அடித்த மாதிரி ஓர் இழுப்பு. கழுத்தில் லேசான பிடிப்பு தவிர வலி என்று சொல்ல ஒன்றும் இல்லை.

ஒருவர் சுகர் நரம்பைத் தின்றுவிட்டது என்று சத்து மாத்திரை எழுதினார். எனக்குச் சுகர் இருந்தது உண்மைதான், ஆனால் அடக்கமாக இருந்தது. இன்னோர் இடத்தில், விளம்பரம் பார்த்துப் போன இடம், பேக்கேஜ் போட்டார்கள்: கழுத்தை மாட்டி இழுப்பது, மெழுகு ஒத்தடம், கரண்ட் வைப்பது. இழுக்க இழுக்கக் கை இன்னும் மரத்தது. அதைச் சொன்னதற்கு, 'நரம்பு முழிச்சுக்கிட்டு வருது, அப்படித்தான் இருக்கும்' என்றார்கள். அங்கே ஒருவர்கூட என் சட்டைப் பட்டனைப் பார்க்கவில்லை. சுத்தியல் எடுத்து முழங்காலைத் தட்டவில்லை. பணத்தைக் கட்டி ரசீது கேட்டால் மட்டும் கைச்சீட்டில் எழுதித் தந்தார்கள்.

பெரியாஸ்பத்திரியில் என்னைப் பார்த்தவர் இளவயது டாக்டர். 'என்ன வேலைங்கய்யா பாக்குறீங்க?' என்று கேட்டார். தையல் என்றதும், போட்டிருந்த சட்டைப் பட்டனை அவிழ்த்துத் திரும்பப் போடச் சொன்னார். மேல் பட்டனிலேயே விரல் நின்றுவிட்டது. பத்து விநாடிக்குள் எத்தனை தடவை கையை முஷ்டி பிடித்து முழுசாக விரிக்க முடிகிறது என்று எண்ணினார். நல்ல கையென்றால் இருபதைத் தாண்டும். என் கை பாதியிலேயே சோர்ந்தது. பிறகு நடுவிரல் நகத்தைப் பிடித்துச் சுண்டிவிட்டார். சுண்டியது நடுவிரலை, துள்ளியது கட்டைவிரல். பக்கத்தில் நின்ற மாணவர்களைக் கூப்பிட்டு இதைத்தான் காட்டினார். தரையில் குதிகாலும் பெருவிரலும் முட்ட ஒரே கோட்டில் நடக்கச் சொன்னார்; சுவரைப் பிடித்தேன். எல்லாம் முடிந்த பிறகுதான் வலி இருக்கா என்று கேட்டார். சலூனில் நெட்டி முறிக்கிற பழக்கம் உண்டா என்று அதற்கடுத்து. உண்டு. இனிமேல் யாரையும் கழுத்தில் கை வைக்க விடாதீர்கள் என்று அழுத்தமாகச் சொன்னார்.

கழுத்தில் தண்டுவடம் நசுங்குகிற இந்த நோய்க்கு மதிப்பெண் போடும் முறை ஒன்று இருக்கிறது. ஜப்பானில் தொடங்கி உலகம் முழுக்க வைத்திருக்கிறார்கள். மொத்தம் 18. நடை, சிறுநீர், மரமரப்பு எல்லாவற்றுக்கும் மார்க். அதில் கைக்கான கேள்வி என்ன தெரியுமா? சட்டைப் பட்டன் போட முடிகிறதா என்பது. 15ம் அதற்கு மேலும் இருந்தால் லேசானது. டாக்டர் கண்காணிப்பில் பயிற்சி செய்து பார்க்கலாம், கூடினால் ஆபரேஷன். அதற்குக் கீழே போனால் ஆபரேஷன் என்று 2017ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. என் மார்க் அதற்குக் கீழே, லேசுக்கும் கடுமைக்கும் நடுவில் இருந்தது.

எம்.ஆர்.ஐ. படத்தில் மூன்று இடத்தில் அழுத்தம். ஜவ்வு மட்டும் காரணம் இல்லை. கழுத்தெலும்புகளின் பின்புறத்தை மேலிருந்து கீழ் சேர்த்துப் பிடித்திருக்கிற நாண், தண்டுவடத்துக்கு முன்னால் ஓடுவது, அது கெட்டித்து எலும்பாகவே மாறியிருந்தது. ஜப்பானியரிடம் இது அதிகமாம். தண்டுவடத்துக்குள் ஓர் இடத்தில் வெள்ளையாகத் தெரிந்தது. அது வெகு நாள் நசுங்கியதன் அடையாளம்.

முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு வழி இருக்கிறது. எது யாருக்கு என்பதை வெளியே யாரும் சொல்வதில்லை, அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

முன்பக்கம் என்றால் தொண்டைப் பக்கமாக, கழுத்து மடிப்பிலேயே ஒரு கீறல். மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் ஒரு பக்கம் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, கெட்டுப்போன ஜவ்வை மைக்ராஸ்கோப் வைத்து முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சின்னக் கூண்டு ஒன்றையோ இடுப்பிலிருந்து எடுத்த எலும்பையோ வைத்து, மேலே ஒரு பிளேட் போட்டு ஸ்குரூ அடிப்பார்கள். இரண்டு எலும்பும் நாளடைவில் ஒன்றாகக் கூடிவிடும். 1950களிலிருந்து செய்து வருகிற முறை, புதிதல்ல. ஒன்றிரண்டு ஜவ்வு என்றால் பெரும்பாலும் இதுதான். எங்கள் வரிசைப் பாத்திரக்கடைக்காரருக்கு இப்படித்தான் நடந்தது. கைக்கு இறங்கிய எரிச்சல் மறுநாளே போய்விட்டது என்றார். ஆனால் விழுங்கச் சிரமப்பட்டுக் கொஞ்ச நாள் கஞ்சியும் ரசத்தில் ஊறிய இட்லியுமாக ஓட்டினார். குரலும் கம்மிவிட்டது, ஏலம் போடுகிற மாதிரிப் பேசுகிறவர், கடையில் சைகை காட்டிக்கொண்டிருந்தார். அது பிறகு சரியாகிவிட்டது. பீடியை விட்டால்தான் தேதி கொடுப்பேன் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். புகை பிடித்தால் எலும்பு ஒன்றுசேர்வது கஷ்டம்.

எலும்பைக் கூட வைப்பதில் ஒரு குறை உண்டு. ஒரு மூட்டு அசையாமல் போனால் மேலும் கீழும் உள்ள மூட்டுகள் அந்தப் பாரத்தையும் சுமக்கின்றன. பத்து வருடத்தில் நால்வரில் ஒருவருக்குப் பக்கத்து ஜவ்வில் புதிதாகத் தொல்லை வரலாம் என்று 1999ல் ஓர் அமெரிக்க ஆய்வு கணக்குச் சொன்னது. அதனால்தான் செயற்கை ஜவ்வு வந்தது. அமெரிக்காவில் 2007ல் அனுமதித்தார்கள். அசைவு அப்படியே இருக்கும். இளவயதுக்காரர், ஒன்றிரண்டு இடம், பின்பக்க மூட்டு தேயாமல் இருக்கிறது என்றால் கேட்டுப் பார்க்கலாம். என்னைப் போல நாண் எலும்பாகிப் போனவருக்கு அது கிடையாது.

எனக்குப் பின்பக்கம். மூன்று இடம் என்பது ஒரு காரணம். கெட்டித்த நாண் தண்டுவடத்தின் உறையோடு ஒட்டிக்கொண்டிருக்கும், முன்னாலிருந்து அதைப் பெயர்த்தால் உறை கிழிந்து நீர் கசியலாம் என்பது இன்னொரு காரணம். பின்பக்கம் போனால் அழுத்துகிற பொருளைத் தொடவே மாட்டார்கள். தண்டுவடத்துக்குப் பின்னால் கூரை மாதிரி மூடியிருக்கிற எலும்பைத் திறந்துவிட்டால் தண்டுவடம் பின்னால் ஒதுங்கித் தப்பித்துக்கொள்ளும். ஆனால் கழுத்தின் இயல்பான வளைவு இருந்தால்தான் அது ஒதுங்கும். முன்னால் கவிழ்ந்துவிட்ட கழுத்தென்றால் ஒதுங்காது, அவர்களுக்கு வேறு வழிதான் பார்க்க வேண்டும். இதைப் பார்ப்பதற்காகத்தான் நிற்க வைத்துக் குனிந்தும் நிமிர்ந்தும் சாதாரண எக்ஸ்ரே எடுத்தார்கள். எம்.ஆர்.ஐ. இருக்கும்போது இது எதற்கு என்று என் மைத்துனர் கேட்டார்; இதற்குத்தான்.

பின்பக்கத்திலும் இரண்டு தினுசு. கூரையை மொத்தமாக எடுத்துவிடுவது ஒன்று. எடுத்துவிட்டு ஸ்குரூவும் கம்பியும் வைக்காமல் விட்டால் சிலருக்கு வருடம் போகப் போகக் கழுத்து முன்னால் தொங்கிவிடும். இன்னொன்று ஜப்பானில் ஹிராபயாஷி என்ற டாக்டர் 1977ல் தொடங்கியது. கூரையை எடுப்பதில்லை. ஒரு பக்கம் முழுக்க அறுத்து, மறுபக்கம் பாதி மட்டும் செதுக்கி, அதைக் கீலாக வைத்துத் தூக்கி, தூக்கிய இடத்தில் சின்னப் பிளேட் வைத்து நிறுத்திவிடுகிறார்கள். இறுக்கமான ரவிக்கையைப் பிரித்து உள்மடிப்பை விட்டுத் தைத்துக் கொடுப்போமே, அந்த மாதிரி. துணி அதுதான், இடம் மட்டும் கூடுகிறது. எனக்குச் செய்தது இதுதான்.

முன்பக்கமா பின்பக்கமா என்று இரண்டுக்கும் பொருந்துகிறவர்களை வைத்து அமெரிக்காவில் ஒப்பிட்டுப் பார்த்து 2021ல் முடிவு சொன்னார்கள். ஒரு வருடத்தில் உடல்நிலை இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். சிக்கல் முன்பக்கத்தில்தான் அதிகம், பெரும்பாலும் விழுங்குகிற சிரமம். பின்பக்கத்துக்கும் தண்டனை உண்டு: பிடரித் தசையை விலக்கித்தான் போக வேண்டும், அந்த வலி லேசில் விடாது. எனக்கு மழைக்காலத்தில் இன்னும் இருக்கிறது. நூற்றில் சில பேருக்குத் தோள்பட்டையைத் தூக்க முடியாமல் போகும், பெரும்பாலும் மாதக்கணக்கில் தேறிவிடும் என்றும் முன்கூட்டியே சொன்னார்கள். எனக்கு அடுத்த கட்டிலில் இருந்த லாரி டிரைவருக்கு அப்படியே ஆனது. கை தலைக்குப் போகாமல் மனைவிதான் சீவிவிடுவார். முன்பே சொல்லியிருந்ததால் அந்த மனிதர் கலங்கவில்லை.

கையெழுத்து வாங்குவதற்கு முன் பெரிய டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். 'இது இன்னும் கெடாம நிறுத்துறதுக்குத்தான். போனது எவ்வளவு திரும்பும்னு நான் உத்தரவாதம் தர மாட்டேன். திரும்பினா லாபம்.' இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு எதையும் சொன்னதில்லை.

ஆபரேஷன் நாளில் பயந்தது கத்திக்கு இல்லை, மயக்கத்தில் மூச்சு விட வைக்கிற குழாய்க்கு. கழுத்தை மல்லாத்தினால் தண்டுவடம் இன்னும் நசுங்கும் என்பதால், விழித்திருக்கும்போதே தொண்டையில் மரத்துப்போகிற மருந்தை அடித்து, கேமரா வைத்த மெல்லிய குழாயை மூக்கு வழியாக விட்டார்கள். இருமல், கண்ணில் தண்ணீர். மயக்க மருந்து டாக்டர் என் காதருகில் பேசிக்கொண்டே இருந்தார். என்னென்ன சாமிக்குத் தைப்பீர்கள் என்றெல்லாம் கேட்டார், பதில் சொல்ல வாய் ஏது? அதற்கப்புறம் நினைவில்லை. குப்புறப் படுக்க வைத்து, தலை அசையாமல் கிளாம்பு போட்டுப் பிடித்திருக்கிறார்கள். தலையில் அதன் தடம் சின்னச் சின்னப் புண்ணாக இருந்து ஆறியது. மறுநாள் சாயங்காலமே காலரோடு கட்டிலோரம் நிற்க வைத்துவிட்டார்கள்.

இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். செருப்பு கழலுவதில்லை. கண்ணை மூடி முகம் கழுவ முடிகிறது. பட்டன் போடுகிறேன், மெதுவாக. நூல் கோக்க வரவில்லை. அதற்கு ஒரு பையன் இருக்கிறான். விரல் நுனி மரத்தே இருக்கிறது, கொக்கி தைப்பதை விட்டுவிட்டேன். வெட்டுவதும் மெஷினும் என் கையில். முழுசாகக் குணமானேன் என்று சொன்னால் பொய்.

இதில் ஒன்று கவனித்தேன். 'முதுகில் கத்தி வைத்தால் படுத்த படுக்கைதான்' என்ற பயம் நம் ஊரில் ஏன் போகவில்லை? தெருவுக்கு ஒருவர் சாட்சிக்கு இருக்கிறார், ஆபரேஷன் செய்தும் நடக்க முடியாமல். விசாரித்துப் பார்த்தால், சக்கர நாற்காலியில் வந்த பிறகு ஆபரேஷனுக்குப் போனவராக இருப்பார். தண்டுவடம் எவ்வளவு காலம் நசுங்கிக் கிடந்ததோ அவ்வளவுக்குத் தேறுவதும் குறையும். பழி கத்திமேல் விழுகிறது. அவரைப் பார்த்துப் பயந்து அடுத்தவர் தள்ளிப்போடுகிறார். அவரும் கடைசியில் அதே நிலையில் போய், தெருவுக்கு இன்னொரு சாட்சி ஆகிறார். 'ஆபரேஷனை நம்பாதீர்கள்' என்று பத்திரிகையில் பொத்தாம்பொதுவாக எழுதினால் இந்த வரிசை இன்னும் நீளும்.

அதற்காகக் கத்தியே எல்லாம் என்று நான் கட்சி கட்டவில்லை. எங்கள் வார்டில் உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். முதுகெலும்பில் டி.பி. நெஞ்சில்தானே டி.பி. வரும் என்று அவன் அம்மா எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். பையனுக்குக் காலில் பலம் இருந்தது. ஆறேழு நாள் வைத்திருந்து, ஊசி வைத்துச் சோதித்து உறுதி செய்துகொண்டு, மாத்திரையோடு அனுப்பிவிட்டார்கள். இது ஏதோ இன்று நேற்றுத் தெரிந்ததல்ல. சென்னை சேத்துப்பட்டில் இருக்கிற காசநோய் ஆராய்ச்சி மையம், இப்போது தேசிய நிறுவனம், முதுகெலும்பு டி.பி.க்கு ஆபரேஷனோடு மருந்தா, நடமாடிக்கொண்டே மருந்து மட்டுமா என்று நோயாளிகளைப் பிரித்து வைத்து ஆராய்ந்தது. பத்து வருடம் தொடர்ந்து பார்த்து 1999ல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து மட்டும் எடுத்தவர்கள் குணமாவதில் ஆபரேஷன்காரர்களைவிடக் குறைந்துபோகவில்லை. கால் விழுந்துபோனவர்களுக்கும் கூன் அதிகமாகிறவர்களுக்கும் இது பொருந்தாது, அவர்களுக்குக் கத்தி தேவைப்படலாம். நம் ஊர் ஆராய்ச்சி இது. உங்கள் மருத்துவப் பக்கத்தில் ஒரு நாள் எழுதலாமே.

செலவு பற்றியும் ஒரு வார்த்தை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை எடுக்கலாம். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. என் ஆபரேஷன் அதில்தான் நடந்தது. அரசு ஆஸ்பத்திரியில்தான் இலவசமாயிற்றே, அட்டை எதற்கு என்று இருந்துவிட வேண்டாம். பிளேட், ஸ்குரூ போன்றவை வாங்குவதற்கு அங்கேயும் அதுதான் கைகொடுக்கிறது. அட்டை இல்லாதவர்கள் நோய் வந்த பிறகு வருமானச் சான்றுக்கு அலைவதைப் பார்த்தேன். முன்பே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

ஊரெங்கும் ஒட்டியிருக்கிற 'லேசர்', 'தையலில்லாத ஆபரேஷன்' நோட்டீஸ்களைப் பற்றிக் கேட்கிறார்கள். தையல்காரனிடம் வந்து தையலில்லாததைப் பற்றிக் கேட்கிறார்கள் பாருங்கள். குழாய் விட்டு எண்டோஸ்கோப்பியில் ஜவ்வுத் துண்டை எடுப்பது உண்மையான வைத்தியம்தான், இடுப்பு ஜவ்வில் தகுந்தவர்களுக்கு நன்றாகவே பலிக்கிறது. ஆனால் கீறல் எத்தனை அங்குலம் என்பது மூன்றாவது நாலாவது கேள்வி. எது அழுத்துகிறது, எந்தப் பக்கத்திலிருந்து, அதை இந்த ஆபரேஷன் எடுக்குமா, செய்யாமல் விட்டால் எனக்கு என்ன ஆகும், இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். கேட்டதற்குப் படத்தை வெளிச்சத்தில் வைத்து விரலால் காட்டிச் சொல்கிறவராக இருந்தால் தைரியமாகப் படுக்கலாம்.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. கழுத்தைப் பற்றி அடுத்து எழுதும்போது, வலி இருக்கிறதோ இல்லையோ, பட்டன் போடத் தடுமாறுகிறவர், செருப்பு கழலுவது தெரியாதவர், பத்து விநாடியில் இருபது தடவை கையை மூடித் திறக்க முடியாதவர், கழுத்தைக் குனித்தால் உடம்பில் கரண்ட் பாய்கிறவர், இவர்கள் ஒத்தடத்துக்கோ இழுவைக்கோ போகாமல் நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவிலோ முதுகெலும்பு பார்க்கும் எலும்புப் பிரிவிலோ காட்ட வேண்டும் என்று கொட்டை எழுத்தில் போடுங்கள். இடம் இல்லை என்று சொல்ல மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். போன ஞாயிறு அந்தக் கட்டுரைக்கு நேர் கீழே, கழுத்தை இழுத்துக் கத்தியின்றிக் குணமாக்குவதாக ஒரு கிளினிக்கின் கால் பக்க விளம்பரம் வந்திருந்தது. அதில் பாதி இடம் போதும்.

இப்படிக்கு,
குன்னத்தூர் சத்திரத்துத் தையல்காரர் ஒருவர்,
மதுரை.